வயது ஒன்பது

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, வாங்குகிறவர்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுகிற காகிதம், அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துப் பிழை திருத்துவதுதான் அவளுடைய வேலை. அச்சகத்தில் எல்லோரும் அவளைத் திருத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்த மெஷின்காரர் உட்பட. எழுத்தெல்லாம் கடுகளவு. ஒரு புள்ளி விட்டுப்போனால் அரை மாத்திரை ஐந்து மாத்திரை ஆகிவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. பதினெட்டு வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு தாளும் பிழையென்று திரும்பி வந்ததில்லை.

நாற்பத்தைந்தாவது வயதில் கண் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மாலை நான்கு மணியானால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அச்சக முதலாளி நல்ல மனிதர். "காகிதத்துல ஏன் கஷ்டப்படறீங்க? ஒரு டேப் வாங்கிக்குங்க. பக்கத்தை அனுப்பி வைக்கிறேன், விரலால பெருசு பண்ணிப் பாருங்க. வீட்டுல உக்காந்துகூடப் பார்க்கலாம்" என்றார்.

அந்த யோசனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வேலைக்கு மட்டுமா? செய்தி படிக்கலாம், பாட்டு கேட்கலாம், சமைக்கும்போது பக்கத்தில் வைத்து எதையாவது பார்க்கலாம். விலை மட்டும் கைக்கு அடக்கமாக இருக்கவேண்டும். தனக்கென்று அவள் கடைசியாக ஒரு பொருள் வாங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது. வீணாய்ப்போன அச்சுத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில், என்னென்ன வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை தனியாகக் கடைக்குப் போனாள்.

கடையில் இருந்த விற்பனைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இவ்வளவு தெளிவா எழுதிட்டு வந்து நான் யாரையுமே பார்த்ததில்லக்கா. உங்களுக்குப் படிக்கத்தான வேணும்? அப்போ கேமராவுக்குக் காசு கொடுக்காதீங்க, திரைக்குக் கொடுங்க. பத்து இஞ்சுக்குக் கீழ போகாதீங்க. இந்த ஓரத்துல இருக்கறது விலை கம்மி, ஆனா மெமரி ரொம்பக் கம்மி. ஆறே மாசத்துல ஆமை மாதிரி ஆயிடும். அப்புறம், எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும்னு கேளுங்க. யாருமே அதைக் கேக்கமாட்டாங்க."

"எத்தனை வருஷத்துக்கு வரும்?"

"இதுக்கு நாலு வருஷம். அதுக்கு ஒண்ணும் கிடையாது."

சாம்பல் நிறத்தில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கனம் அதிகமில்லை. அச்சகத்துப் பக்கம் ஒன்றைத் திறந்து பெரிதாக்கியபோது எழுத்துகள் கரும்புள்ளிகளாக உடையாமல் முத்துமுத்தாக எழுந்து நின்றன. அவளுக்கே தெரியாமல் சிரித்துவிட்டாள். வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, சம்பிரதாயத்துக்குக் கணவனுக்கு ஒரு போன் போட்டாள்.

கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நூறடி உயரத்தில் உட்கார்ந்து லாரி அளவு பெட்டிகளைப் பூப்போலத் தூக்கி வைப்பார். தரைக்கு இறங்கிவிட்டால் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச வராது. "வாங்கிக்கோ, வாங்கிக்கோ" என்றவர், "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கேன். அவருக்குத் தெரியாம வாங்கினா வருத்தப்படுவார்" என்றார்.

மாமா என்றது அவருடைய அக்காவின் கணவரை. திருத்தக்காவுக்கு முறைக்கு அண்ணன். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். சட்டைப்பையிலிருந்து எப்போதும் ஒரு வயர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதால் குடும்பத்தில் அவருக்குச் சார்ஜர் என்று பெயர். அவருக்கே அந்தப் பெயரில் ஒரு பெருமை. யார் வீட்டில் டிவி வாங்கினாலும், போன் வாங்கினாலும், வைஃபை மாட்டினாலும் அவர்தான் வந்து எல்லாம் செய்துகொடுப்பார். ஒரு வாய் டீக்கூடக் குடிக்காமல் போவார். தங்கமான மனிதர் என்று மாமியார் வாய்க்கு வாய் சொல்வாள்.

கேட்டுவிட்டு நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று கடைக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். வழியில் மார்க்கெட்டுக்கும் போய்விட்டு வீட்டுக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளே நுழைந்தால், கூடத்தில் அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் சார்ஜர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு புது டேப். பக்கத்தில் பிரித்த அட்டைப்பெட்டி.

"வாம்மா, வா. மாப்ள போன் பண்ணான். நீ கடை கடையா ஏறி இறங்கறதா? அண்ணன் எதுக்கு இருக்கேன்? தெரிஞ்சவர் கடை, பாதி விலைக்குப் பேசிட்டேன். எல்லாம் ஏத்தி முடிச்சாச்சு. உன் பேரு, பாஸ்வேர்டு, எல்லாம் ரெடி."

"பாஸ்வேர்டுமா போட்டுட்டீங்க?"

"நீ மறந்துடுவ இல்ல, அதான். என்கிட்ட எழுதி வச்சிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் தன்னுடைய டேப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்து, மருமகளுடையதுதான் பெரிது என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். நாத்தனாரும் வந்திருந்தாள். சோபாவின் ஓரத்தில், விட்டால் எழுந்துவிடுவதைப்போல உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "பிடிச்சிருக்கா அண்ணி?" என்று திருத்தக்கா கேட்டதற்குத் தன் கணவன் சார்ஜரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள்.

திரை அவ்வளவு மோசமில்லை. தான் பார்த்து வைத்ததைப்போல இல்லைதான். ஆனாலும் கண்வலி குறைந்தது. மாலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பக்கங்களைத் திருத்தி அனுப்பினாள். வேலை முடிந்ததும் மனம் போன போக்கில் எதையாவது தேடிப் பார்ப்பாள். யாரும் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்காத ஒரு இடம் கிடைத்துவிட்டதாக நினைத்தாள்.

மூன்றாவது வாரம் சார்ஜர் வந்திருந்தபோது, போகிறபோக்கில், "கண்ணுக்கு அந்தச் சொட்டு மருந்தெல்லாம் போடாதம்மா. பழகிடும்" என்றார். அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. சொட்டு மருந்து பற்றித் தேடிப் படித்தது உண்மை. வாங்கவில்லை. யாரிடமாவது சொன்னோமா என்று யோசித்தாள். கணவனிடம் சொல்லியிருப்போம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்தது வீடு. துறைமுகத்துக்கும் அச்சகத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு வாடகை வீடு கிடைத்தால் இருவருக்கும் அலைச்சல் மிச்சம் என்று அவளுக்கு ஒரு ஆசை. வெறும் ஆசைதான். மாமியாரைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற துணிச்சலெல்லாம் கிடையாது. இரண்டு மூன்று நாள் மாலையில் வீட்டுப் படங்களைப் பார்த்தாள், மாடி வீடு, கிழக்குப் பார்த்த ஜன்னல், பார்த்துவிட்டு மூடினாள். கணவனிடம்கூட வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சமையலறையில் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்ன அத்தை என்று கேட்டதும் பொலபொலவென்று கொட்டிவிட்டாள்.

"தனியாப் போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. நான் என்ன கையப் பிடிச்சா இழுக்கப்போறேன்? ஊரெல்லாம் வீடு பார்க்கறீங்களாம், பெத்தவளுக்கு மட்டும் தெரியக்கூடாதாம்."

"யார் அத்தை சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. மாடி வீடாமே. எனக்குப் படி ஏற முடியாதுன்னு தெரிஞ்சுதான பார்க்கறே?"

மாடி வீடு. அந்த ஒரு சொல்லைத் திருத்தக்கா யாரிடமும் சொன்னதில்லை.

அச்சில் ஒரு பிழை வந்துவிட்டால் யாருடைய தவறு என்று அவள் முதலில் கேட்கமாட்டாள். எங்கே நுழைந்தது என்று கேட்பாள். கையெழுத்துப் பிரதியிலா, கம்ப்யூட்டரில் அடிக்கும்போதா, பக்கம் கட்டும்போதா என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போவாள். அன்று மாலையும் அப்படித்தான் போனாள். மாடி வீடு அவள் தலைக்குள் இருந்தது. தலையிலிருந்து விரலுக்கு வந்தது. விரலிலிருந்து அந்தத் திரைக்கு. அதைத் தாண்டி வேறு எங்கேயும் போகவில்லை.

ஜன்னல் பக்கம் நாற்காலியில் கிடந்த டேப்பைப் பார்த்தாள். மேல் விளிம்பில் கேமராவின் கறுப்புப் புள்ளி. எழுந்துபோய் அதைக் குப்புறத் திருப்பி வைத்தாள். பின்பக்கமும் ஒரு கேமரா இருந்தது.

சந்தேகம் மட்டும் போதாது. ஒரு திருத்தத்தைப் போடுவதற்கு முன் இரண்டாம் முறை சரிபார்க்கவேண்டும். மறுநாள் டேப்பைத் திறந்து, குறிப்பு எழுதும் இடத்தில் இப்படி எழுதினாள்: "நெஞ்சு வலி நிற்கவில்லை. வீட்டில் யாருக்கும் சொல்லவேண்டாம். செவ்வாய் நான்கு மணி, இதய டாக்டர்." கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற ஒரு மருத்துவமனையின் பெயரையும் சேர்த்தாள். அவளுக்கு நெஞ்சு வலியும் இல்லை, டாக்டரும் இல்லை. கணவனிடம், அச்சக முதலாளியிடம், காற்றிடம்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்றரை மணிக்கே அந்தத் தெருவுக்குப் போனாள். மருத்துவமனைக்கு நேர் எதிரே ஒரு நகல் எடுக்கும் கடை இருந்தது. உள்ளே இரண்டு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சூடான காகித வாசனை. அவளுக்குப் பழக்கமான வாசனைதான் என்பதால் கொஞ்சம் தைரியமாக இருந்தது. ஏதோ நகல் எடுக்க வந்தவள்போல, கண்ணாடிக் கதவின் ஓரம் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

யாரும் வரமாட்டார்கள், நமக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று மூன்று நாற்பதுக்கு நினைத்தாள். அப்படியே இருந்துவிட்டால் தேவலை என்றும் நினைத்தாள்.

மூன்று நாற்பத்தைந்துக்கு சார்ஜர் வந்தார்.

ஸ்கூட்டரை மரத்தடியில் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினார். சீப்பை எடுத்து நிதானமாகத் தலை வாரிக்கொண்டார். மருத்துவமனை வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, பதற்றமும் இல்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் அப்பாக்களின் முகம் இருக்குமே, அப்படி இருந்தது அவர் முகம்.

நான்கு மணி ஆயிற்று. நான்கு ஐந்து. அவள் உள்ளே போகவில்லை என்பது அவருக்கு உறைத்திருக்கவேண்டும். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எதையோ தட்டினார். திரையை இரண்டு விரலால் பெரிதாக்கினார். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தி, தெருவுக்கு இந்தப் பக்கம், நேராக நகல் கடையைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. டேப் அவள் தோள்பையில் இருந்தது. காலையில் வேலைக்கு எடுத்துப் போனது.

ஓடலாமா என்று கால் துடித்தது. ஓடி எங்கே போவது? அவர் இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு லாரிக்கு வழிவிட்டு, தெருவைத் தாண்டி வந்து கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

"என்னம்மா இங்க நிக்கறே? டாக்டர் அந்தப் பக்கம்ல இருக்கார்?"

"நீங்க எப்படிண்ணா இங்க?"

"உனக்கு நெஞ்சு வலின்னா நான் வராம யாரு வருவா?" சிரித்தார். அப்புறம் சிரிப்பு வாயில் மட்டும் நின்றது. "வலி இல்ல போலிருக்கே. பொய்யா எழுதினியா?"

நகல் இயந்திரம் ஒவ்வொரு தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. குடும்பத்துல யாருக்கு என்ன, யார் எங்க போறா வர்றான்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். எல்லாருமே கண்ணை மூடிட்டு இருந்தா நாளைக்கு ஒண்ணுன்னா யார் பார்க்கறது? உன் புருஷன் வாயில்லாப் பூச்சி. அத்தைக்கு வயசாச்சு."

அவள் பையிலிருந்து டேப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இதை நீங்களே வச்சுக்குங்கண்ணா. எனக்கு வேண்டாம்."

அவர் அதை வாங்கிக் கைக்குட்டையால் திரையைத் துடைத்தார். "மாப்ளகிட்ட என்ன சொல்லுவே? வேலைக்கு மட்டம் போட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல ஒளிஞ்சு நின்னேன்னா? யோசிச்சு சொல்லும்மா. நான் சொன்னா ஒரு மாதிரி இருக்கும், நீ சொன்னா ஒரு மாதிரி இருக்கும்." வண்டியில் கொண்டுவந்து விடட்டுமா என்றும் கேட்டார். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஸ்கூட்டர் கொஞ்ச தூரம் பின்னாலேயே மெதுவாக வந்தது. பிறகு திரும்பிவிட்டது.

அவர் முந்திக்கொள்வதற்குள் தானே சொல்லிவிடவேண்டும் என்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. துறைமுக வாசலுக்கே போய், ஷிப்ட் முடிந்து கணவன் வெளியே வரும்வரை நின்றாள். எதிரே இருந்த டீக்கடையில் உட்காரவைத்து, சொட்டு மருந்திலிருந்து நகல் கடைவரை ஒன்று விடாமல் சொன்னாள். வாடகை வீடு பார்த்ததையும் சொன்னாள்.

அவர் நெடுநேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "மாமா நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"என்னங்க?"

"போன மாசம் ராத்திரி ஷிப்ட் வேணாம்னு எழுதிக்கொடுக்கலாமான்னு யோசிச்சேன். முதுகு தாங்கல. லெட்டர் மட்டும் அடிச்சு போன்ல வச்சிருந்தேன், யாருக்கும் அனுப்பல. மறுநாளே மாமா கூப்பிட்டு, உழைக்கிற வயசுல முதுகு வலியெல்லாம் ஒரு வலியாடான்னு கேட்டார். அக்கா ஏதாவது சொல்லியிருப்பான்னு நினைச்சேன். அக்காகிட்ட நான் சொல்லவே இல்லை." போனை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "இதையும் அவர்தான் ஏத்திக்கொடுத்தார்."

அங்கிருந்து நேராக அந்தக் கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண்ணுக்கு அவளை ஞாபகம் இருந்தது. போனை வாங்கி எங்கெங்கோ நுழைந்து பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"இது குடும்பக் கணக்கு சார். சின்னப் பிள்ளைங்க போன்ல என்ன பார்க்கறாங்க, என்ன எழுதறாங்க, எங்க இருக்காங்கன்னு பெத்தவங்க பார்க்கறதுக்காக வச்சுக்கறது. பொறுப்பாளர் ஒருத்தர், அவருக்குக் கீழ நாலு குழந்தைங்க."

"எங்க ரெண்டு வீட்டுலயும் குழந்தைங்களே கிடையாதும்மா" என்றார் கணவன்.

அந்தப் பெண் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். நான்கு சின்ன வட்டங்களில் நான்கு முகங்கள். ஏதோ விசேஷத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுத்தவை. ஒவ்வொன்றின் கீழும் வயது. கணவனுக்குப் பதினொன்று. திருத்தக்காவுக்கு ஒன்பது. மாமியாருக்கு ஆறு.

நாத்தனாரின் முகத்துக்குக் கீழே நான்கு என்று போட்டிருந்தது.

"வயசைக் குறைச்சுப் போட்டா என்ன ஆகும்?" திருத்தக்கா கேட்டாள்.

விற்பனைப் பெண் தயங்கினாள். "வயசு குறையக் குறையக் கட்டுப்பாடு அதிகங்கக்கா. நாலு வயசுன்னா அவரோட அனுமதி இல்லாம ஒரு போன்கூடப் பண்ண முடியாது. வர்ற போனையும் அவர் விட்டாத்தான் உண்டு. கேமரா, மைக்கு எல்லாத்தையும் அங்கிருந்தே திறக்கலாம்."

கணவனின் முகம் சுண்டிப்போயிற்று. அக்காவுக்கும் அவருக்கும் ஏழு வயது வித்தியாசம். அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். சில வருஷமாக அவள் போன் எடுப்பதில்லை, தானாகக் கூப்பிடுவதும் இல்லை. வசதி வந்ததும் தம்பியை மறந்துவிட்டாள் என்று அவர் மனதுக்குள் ஒரு குறை வைத்திருந்தார். அதைக் கேட்டே விட்டார்.

"அவ கூப்பிட்டிருந்தா?"

"கூப்பிட்டிருந்தாலும் உங்களுக்கு வந்திருக்காது சார்."

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் போன்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, மாமியாரிடம் கோயில் குளம் என்று ஏதோ சொல்லிவிட்டு, பஸ் ஏறி நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். மணியை அழுத்துவதற்கு முன்பே கதவு திறந்தது. சார்ஜர்தான்.

"வாங்க, வாங்க. மாடியிலிருந்து பார்த்தேன். என்ன மாப்ள, போனை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டே?"

வீடு பளபளவென்று இருந்தது. கூடத்தில் சுவரில் ஒரு திரை. சாப்பாட்டு மேஜையில் ஒன்று. படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது, கட்டிலை நோக்கி ஒன்று நின்றுகொண்டிருந்தது. சார்ஜர் மச்சானை உட்காரவைத்துச் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். நேற்று நடந்ததை ஜாடையாகக்கூடத் தொடவில்லை. அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது.

"அண்ணிக்குக் கொஞ்சம் உதவி பண்றேன்" என்று திருத்தக்கா சமையலறைக்குப் போனாள். நாத்தனார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே, அலமாரித் தட்டில், சின்னத் தாங்கியில் ஒரு டேப் நின்றது. கறுப்புப் புள்ளி அவர்களைப் பார்த்தபடி இருந்தது.

"எப்ப வந்தீங்க?" நாத்தனார் உரக்கக் கேட்டாள். கேமராவுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகவே கேட்டதைப்போல இருந்தது. "பஸ்ஸுல கூட்டமா? இந்தா, இந்தத் தட்டைத் துடைச்சு வை."

தட்டைக் கொடுக்கும் சாக்கில் திருத்தக்காவின் கையைப் பிடித்தாள். தொட்டியின் விளிம்புக்குக் கீழே, திரை பார்க்கமுடியாத இடத்தில், சோப்பு நுரை வழியும் விரலால் அவள் உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தாள். வாய் மட்டும் வெயிலைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது. கடுகளவு எழுத்தைப் படித்துப் பழகியவளுக்கு இதைப் படிக்க இரண்டாம் தரம் தேவைப்படவில்லை.

"கூட்டிட்டுப் போ."

திருத்தக்கா தட்டைத் துடைத்து அடுக்கினாள். கூடத்துக்கு வந்து, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அத்தைக்கு உடம்பு சரியில்லண்ணா. அண்ணியை ரெண்டு நாள் அனுப்பி வைங்க" என்றாள்.

சார்ஜர் போனைப் பார்த்தார். "அத்தைக்கா? இப்பக்கூட சீரியல் பார்த்துச் சிரிச்சுட்டுதான இருக்காங்க."

எங்கோ ஒரு கருவி டிங் என்றது. கிரேன்காரர் எழுந்து நின்றார். எழுந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"எனக்குத்தான் சரியில்ல மாமா" என்றார் கடைசியில். "அக்கா வந்து இருக்கட்டும். அக்கா, வா."

"மாப்ள, உக்காரு. பேசலாம்."

"உக்காரல மாமா. அக்கா, வாக்கா."

நாத்தனார் ஈரக் கையோடு வந்தாள். கட்டிய துணியோடு வந்தாள். பை எடுக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள், சத்தம் வராமல், பார்த்துப் பார்த்து. சார்ஜர் குறுக்கே வருவார் என்று திருத்தக்கா எதிர்பார்த்தாள். அவர் வரவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"பத்திரமாப் போங்க" என்றார். "தெருமுனையில பள்ளம் தோண்டிப் போட்டிருக்காங்க."

பஸ்ஸில் நாத்தனார் நடுவில் உட்கார்ந்தாள். நான்காவது நிறுத்தத்தில், "சத்தமாப் பேசலாமா?" என்று தம்பியைக் கேட்டாள். பேசலாம் என்றதும், பேச ஒன்றும் வராமல் அழுதாள்.

மாமியாரை நம்பவைக்கத்தான் பெரும்பாடு. தங்கமான மாப்பிள்ளை என்ற பல்லவியை அவள் விடவேயில்லை. ஆறு வயது என்று பதிந்திருந்த விஷயத்தைச் சொன்னபோதுதான் வாயை மூடினாள். மூடியவள் தன் டேப்பை எடுத்துப்போய் அரிசி டப்பாவுக்குள் போட்டு, மேலே மூடியை அழுத்தி, அதன்மேல் அம்மிக்கல் கனத்துக்கு ஒரு டின்னையும் தூக்கி வைத்தாள். கடைக்காரப் பெண் போன்களில் இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்தாள். திருத்தக்கா மறுபடி எந்த டேப்பும் வாங்கவில்லை. பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு அச்சகத்திலேயே வேலையை முடித்துவிட்டு வந்தாள்.

ஐந்தாம் நாள் சார்ஜர் வந்தார். வாசலைத் தாண்டவில்லை. பெரிய பை ஒன்றைப் படியில் வைத்து, "அவளோட துணி, மாத்திரை, கண்ணாடி. கஷ்டப்படுவாளேன்னு கொண்டுவந்தேன்" என்றார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. எப்போது அனுப்புவீர்கள் என்றும் கேட்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திருத்தக்கா பையைக் கூடத்துத் தரையில் கவிழ்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு துணியையும் உதறி, மடிப்பை நீவி, தையல் தையலாகத் தடவினாள். கண்ணாடிக் கூட்டைப் பிரித்தாள். மாத்திரை அட்டைகளை எண்ணினாள், ஒவ்வொரு மாத்திரையின் மேலும் இருந்த எழுத்தைப் படித்தாள். பையின் அடி அட்டையைக் கிழித்தாள். ஒன்றும் இல்லை. முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். இரண்டாம் தரமும் ஒன்றும் இல்லை.

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, சரிபார்த்து முடித்த ஒன்றில் அவளால் கையெழுத்துப் போடமுடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்து முதல் துணியின் ஓரத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

நாத்தனார் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்ட வரவில்லை.

"விட்டுடு" என்றாள். "ஒண்ணும் இருக்காது. ஒண்ணும் இல்லாமதான் அனுப்புவார். நாம இப்படித் தேடணும்னுதான்."

திருத்தக்காவின் கை நின்றது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அது தெருக்கோடிவரை போய்த் தேயும்வரை அசையாமல் இருந்தார்கள்.